ஒன்று 1.67 கோடியாவது எப்படி?

ஒரு சர்வரில் எழுதிய கோப்பை வேறு வகைச் செயலி உள்ள சர்வரில் திறக்கும்போது பெயர்கள் சரியாகவும் எண்கள் தாறுமாறாகவும் தெரிந்தால், கோப்பு கெட்டுவிட்டது என்றே முதலில் தோன்றும். பெரும்பாலும் ஒரு பைட்கூட மாறியிருக்காது. படிக்கும் வரிசைதான் மாறியிருக்கும்.

ஒரு பைட்டில் 256 மதிப்புகளே அடங்கும். அதனால் பெரிய எண்களுக்கு இரண்டு, நான்கு அல்லது எட்டு பைட்டுகள் தேவை. அவற்றில் இடமதிப்பு மிகுந்த பைட்டை முதலில் வைப்பது பிக் எண்டியன் முறை. குறைந்ததை முதலில் வைப்பது லிட்டில் எண்டியன் முறை. 1964-இல் அறிமுகமான ஐபிஎம் சிஸ்டம்/360-உம் அதன் வழிவந்த மெயின்ஃபிரேம்களும், சன் நிறுவனத்தின் ஸ்பார்க் செயலிகளும் முதல் வகை. இன்டெலின் எக்ஸ்86 குடும்பம் இரண்டாம் வகை. ஆர்ம் செயலிகள் பலவும் இரு முறையிலும் இயங்கவல்லவை. நடைமுறையில் பெரும்பாலும் லிட்டில் எண்டியனாகவே இயங்குகின்றன.

1 என்ற எண்ணைப் பிக் எண்டியன் சர்வர் நான்கு பைட்டில் 0, 0, 0, 1 என்று எழுதும். இன்டெல் சர்வர் அதை அப்படியே வாசித்தால் கிடைப்பது 1,67,77,216. யுடிஎஃப்-16 முறையில் ‘அ’ எழுத்துக்கு உரிய பைட்டுகள் 11, 133. அவை இடம் மாறினால் திரையில் ஒரு சீன எழுத்து வந்து நிற்கும். ஆஸ்கி முறையில் ஓர் எழுத்துக்கு ஒரே பைட் என்பதால் ஆங்கிலப் பெயர்கள் தப்பிவிடுகின்றன.

கோளாறின் காரணத்தை அதன் அறிகுறியே காட்டிக்கொடுக்கும். எண்கள் மட்டும் பிசகினால் பைட் வரிசையைச் சந்தேகிக்க வேண்டும். ஆங்கில எழுத்துகளும் சிதைந்தால் குறியீட்டு முறை வேறாக இருக்கலாம்: ஆங்கிலத்தின் முதல் பெரிய எழுத்துக்கு ஆஸ்கியில் 65, ஐபிஎம் மெயின்ஃபிரேம்களின் எப்சிடிக் முறையில் 193. தொடக்கம் சரியாக இருந்து ஓரிடத்துக்குப் பின் எல்லாமே நகர்ந்துபோனால், அளவுகள் பொருந்தவில்லை என்று பொருள். சி மொழியின் ‘லாங்’ வகை 64 பிட் லினக்ஸில் எட்டு பைட், 64 பிட் விண்டோஸில் நான்கு பைட். கம்பைலர் இடையில் சேர்க்கும் வெற்று பைட்டுகளும் இப்படி நகர்த்திவிடும்.

உறுதிசெய்ய, ஒரு சர்வரில் 1,69,09,060 என்ற எண்ணை எழுதி, மற்றதில் கோப்பின் பைட்டுகளைப் பார்த்தால் போதும். 1, 2, 3, 4 என்று இருந்தால் பிக் எண்டியன். 4, 3, 2, 1 என்று இருந்தால் லிட்டில் எண்டியன். சுழியத்தை வைத்துச் சோதிப்பதில் பயனில்லை. எப்படித் திருப்பினாலும் அது சுழியம்தான்.

தீர்வு, நினைவகத்தில் இருப்பதை அப்படியே கோப்பில் கொட்டாமல் ஒரு பொது வடிவத்தில் எழுதுவது. இணைய நெறிமுறைகளின் தலைப்பு விவரங்கள் பிக் எண்டியனில் செல்கின்றன. எந்தச் செயலியில் உருவானாலும் எஸ்கியூலைட் கோப்பும் அதே வரிசையையே பின்பற்றுகிறது. டிஃப் படக் கோப்பு தன் வரிசை எது என்பதை முதல் இரு பைட்டுகளிலேயே சொல்லிவிடும். போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தை வேறு வகைச் செயலிக்கு மாற்றும்போது அதன் கோப்புறையை நகலெடுக்கக் கூடாது. உள்ளடக்கத்தை உரை வடிவில் வெளியேற்றி, புதிய சர்வரில் மீண்டும் ஏற்ற வேண்டும்.