வண்டிக் கொட்டகையில் உடற்பயிற்சிக் கூடமா?

தேனி, கம்பம் பக்கம் பல வீடுகளில் தகரக் கூரையிட்ட வண்டிக் கொட்டகையைக் காணலாம். அங்கே தண்டால், பஸ்கி எடுக்க ஆசையா? முடிவு செய்யுமுன் மூன்று கேள்விகள்.

வெப்பம் எவ்வளவு? தசைகள் செலவிடும் ஆற்றலில் சுமார் முக்கால் பங்கு வெப்பமாகிறது. வெயிலில் காய்ந்த தகரமும் வெப்பத்தை வீசும். நண்பகலில் கொட்டகையிலும் வெளி நிழலிலும் வெப்பமானியை வைத்து ஒப்பிடுங்கள். கூரைமேல் தென்னங்கீற்று வேய்ந்தால் சூடு தணியும்.

காற்று ஓடுகிறதா? வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். ஈரக்காற்று தேங்கினால் அது வெறுமனே வழியும். ஊதுபத்தி ஏற்றுங்கள், புகை அங்கேயே சுழன்றால் எதிரெதிரே சன்னல்கள் தேவை. ஆண்டிபட்டிப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றும் தென்மேற்குப் பருவக்காற்று உங்களுக்கும் உதவுமே!

மோட்டார் சைக்கிளும் அங்கேதானா? ஓய்வில் நிமிடத்துக்குச் சுமார் 6 லிட்டர் காற்றைச் சுவாசிக்கிறோம். கடும் பயிற்சியில் இது பத்து மடங்குக்கு மேல் உயரும். எஞ்சின் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. ஆனால் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். உயிருக்கே ஆபத்து!

முதலிரண்டு குறைகளைச் சரிசெய்யலாம். மூன்றாவதில் சமரசம் கூடாது. வண்டியை வெளியே நிறுத்த இடமில்லையா? அப்படியானால் வேப்ப மர நிழலே உங்கள் கூடம்!