ஓடும் விளக்குகளும் கணிப்பொறியும்

டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் கோவை காந்திபுரத்து வீதிகளில் ஒரு மாறுதல் தெரியும். கடை வாசல்களில் காகித நட்சத்திரங்கள் தொங்கும். வீட்டு மாடிகளில் சீரியல் பல்புகள் மின்னும். சில விளக்குகள் நிலையாக எரியும். சில விட்டு விட்டு எரியும். வேறு சில, வாசலில் தொடங்கி மொட்டை மாடி வரை ஓடுவதுபோல் தோன்றும்.

அந்த விளக்குகள் உண்மையிலேயே ஓடுகின்றனவா? இல்லை. ஒவ்வொரு விளக்கும் கட்டிய இடத்திலேயே இருக்கிறது. எரிவது, அணைவது ஆகிய இரண்டே வேலைகள்தாம் அதற்குத் தெரியும். எந்த விளக்கு எப்போது எரிய வேண்டும் என்ற ஒழுங்கை யாரோ ஒருவர் அல்லது ஏதோ ஒரு பொறி காக்கிறது. மற்றதை நம் மூளை செய்துகொள்கிறது. அடுத்தடுத்த இடங்களில் விரைவாகத் தோன்றும் ஒளிகளை ஒரே பொருளின் அசைவாக மூளை எடுத்துக்கொள்கிறது என்பதை ஜெர்மன் உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர் 1912-ல் வெளியிட்ட ஆய்வில் விளக்கினார். திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 அசையாத படங்களைக் காட்டி நடிகரை நடக்க வைப்பதும் இவ்வகைத் தோற்றமே.

மூன்று இருந்தால்தான் ஓட்டம்

ஒரு வரிசையில் 9 விளக்குகள் இருப்பதாகக் கொள்வோம். ஒற்றை எண் விளக்குகள் ஒருமுறை, இரட்டை எண் விளக்குகள் மறுமுறை என மாற்றி மாற்றி எரிய விட்டால் என்ன தெரியும்? வெறும் சிமிட்டல்தான். அது வலமாகப் போகிறதா, இடமாகப் போகிறதா என்று சொல்ல முடியாது. எந்தப் பக்கம் பார்த்தாலும் அடுத்த ஒளி ஒரே தூரத்தில் இருக்கிறது அல்லவா?

இப்போது மூன்று கூட்டங்களாகப் பிரியுங்கள். 1, 4, 7 முதல் கூட்டம். 2, 5, 8 இரண்டாம் கூட்டம். 3, 6, 9 மூன்றாம் கூட்டம். இந்த வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றினால் ஒளி வலப்பக்கம் ஓடும். ஏனெனில் வலப்பக்கத்தில் அடுத்த ஒளி ஓர் அடி தூரத்தில் என்றால், இடப்பக்கத்தில் அது இரண்டு அடி தூரத்தில் இருக்கிறது. மூளை அருகில் இருப்பதையே தேர்ந்துகொள்கிறது. வரிசையைத் தலைகீழாக்கினால் ஓட்டமும் திரும்பிவிடும்.

உருளை இட்ட கட்டளை

கணிப்பொறி வருமுன் இந்த ஒழுங்கைக் காத்தது எது? ஒரு சுழலும் உருளை! கொங்கு நாட்டில் மாரியம்மன் நோம்பி வந்தால் கோயில் முன் எழும்பும் பெரிய விளக்குச் சட்டங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மயில் தோகை விரிக்கும், சக்கரம் சுழலும். சிறிய மோட்டார் ஒன்று உருளையைச் சுற்றும். உருளையின் மேல் உலோகப் பட்டைகள் ஒட்டப்பட்டிருக்கும். தொடு நுனி பட்டையின்மேல் படும்போது விளக்கு எரியும். இடைவெளி வந்தால் அணையும். மேற்கு வங்காளத்தில், புதுச்சேரியைப் போலவே முன்பு பிரெஞ்சு ஆட்சியில் இருந்த சந்தன்நகர் என்னும் ஊரின் கைவினைஞர்கள், ஜகத்தாத்ரி பூஜை விளக்குகளை இத்தகைய உருளைகளால் இயக்கியே நாடெங்கும் பெயர் பெற்றார்கள்.

உலகின் முதல் மின்விளக்குக் கிறிஸ்துமஸ் மரமும் ஏறக்குறைய இப்படித்தான் இயங்கியது. 1882 டிசம்பரில் எடிசனின் கூட்டாளியான எட்வர்டு ஜான்சன், நியூயார்க்கில் தம் வீட்டில் அந்த மரத்தை வைத்தார். சிவப்பு, வெள்ளை, நீல நிறங்களில் 80 விளக்குகள். மரம் மின்சாரத்தால் சுழன்றது. சுழலச் சுழலச் செப்புப் பட்டைகள் இணைப்பைச் சேர்த்தும் பிரித்தும் விளக்குகளை மாற்றி மாற்றி எரிய விட்டன.

நெசவாளர் அறிந்த 1, 0

உருளையில் பட்டை இருந்தால் 1 என்றும், இல்லாவிட்டால் 0 என்றும் எழுதுவோம். நம் மூன்று கூட்டங்களின் ஓட்டம் 100, 010, 001 என்று மூன்றே வரிகளில் அடங்கிவிடும். இதுதான் நிரல்! கணிப்பொறிக்கு நாம் தருவதும் இதையே.

இந்தக் கருத்து கோவை மாவட்டத்துக்குப் புதிதன்று. சிறுமுகையில் பட்டுப்புடவை நெய்யும் ஜக்கார்டு தறியைப் பாருங்கள். தறியின் மேலே துளையிட்ட அட்டைகள் மாலைபோல் தொங்கும். துளை உள்ள இடத்தில் ஊசி நுழையும். அதற்குரிய கொக்கி பாவு இழையைத் தூக்கும். துளை இல்லாத இடத்தில் இழை கீழேயே இருக்கும். பிரான்சு நாட்டு ஜோசப் மாரி ஜக்கார்டு 1804-ல் அமைத்த இந்த முறைதான் பிற்காலத்தில் கணிப்பொறிகளுக்குத் துளை அட்டை வழியாகக் கட்டளை தரும் எண்ணத்துக்கு முன்னோடி.

பூவை மாற்ற வேண்டுமானால் நெசவாளர் அட்டைகளை மாற்ற வேண்டும். மயிலை யானையாக்க வேண்டுமானால் விளக்குக் கலைஞர் உருளையை மாற்ற வேண்டும். கணிப்பொறியிலோ நினைவகத்தில் உள்ள எண்களை மாற்றினால் போதும். கம்பி, விளக்கு எதையும் தொட வேண்டியதில்லை.

பந்தியில் இலை வாங்குவதுபோல

விளக்கு ஒவ்வொன்றையும் தனித்தனியே இயக்க வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கம்பி தேவைப்படும். 50 விளக்குகளுக்கு 50 கம்பிகள்! இந்தச் சிக்கலைத் தீர்க்க வந்தவை முகவரி எல்.இ.டி.கள். டபிள்யூ.எஸ். 2812 என்பது இவ்வகையில் பரவலாகக் கிடைப்பது. இதில் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எல்.இ.டி.களும் ஒரு நுண்சில்லும் ஒரே கூட்டுக்குள் இருக்கின்றன.

கல்யாணப் பந்தியில் இலைக்கட்டை முதல் ஆளிடம் கொடுத்தால் என்ன செய்வார்? தமக்கு ஓர் இலையை எடுத்துக்கொண்டு மீதியைப் பக்கத்தில் இருப்பவரிடம் தருவார். இந்த விளக்குகளும் அப்படியே. கணிப்பொறி ஒரே கம்பியில் 0, 1 என்னும் துடிப்புகளை வரிசையாக அனுப்புகிறது. முதல் விளக்கு முதல் 24 துடிப்புகளை வைத்துக்கொண்டு மீதியை அடுத்ததற்குத் தள்ளிவிடும். ஒரு நிறத்துக்கு 8 துடிப்பு. ஆகவே ஒவ்வொரு நிறத்திலும் 256 படிகள். மூன்றையும் கலந்தால் 1,67,77,216 நிறங்கள்!

ஒரு துடிப்புக்கு 1.25 மைக்ரோ நொடி ஆகிறது. 50 விளக்குகளுக்கு 1200 துடிப்புகள். அதாவது 1.5 மில்லி நொடியில் வரிசை முழுவதும் புதிய கட்டளையைப் பெற்றுவிடுகிறது.

ஒரு நட்சத்திரம் கட்டுவோம்

மூங்கில் குச்சிகளால் ஐந்து முனை நட்சத்திரம் ஒன்று செய்யுங்கள். அதன் வெளிவரம்பில் 10 பக்கங்கள் இருக்கும். பக்கத்துக்கு 5 வீதம் 50 விளக்குகள் கட்டலாம். இயக்குவதற்கு ஆர்டுயினோ போன்ற சிறு கணிப்பொறிப் பலகை போதும். அடல் டிங்கரிங் ஆய்வகம் உள்ள பள்ளிகளில் இப்பலகை இருக்கும்.

மின்சாரத்தை முதலில் கணக்கிடுங்கள். ஒரு நிறம் முழு ஒளியில் ஏறக்குறைய 20 மில்லி ஆம்பியர் எடுக்கும். மூன்று நிறமும் சேர்ந்து வெள்ளையானால் 60 மில்லி ஆம்பியர். 50 விளக்குகளும் வெள்ளையாக எரிந்தால் 3 ஆம்பியர். 5 வோல்ட்டில் அது 15 வாட். இதைப் பலகையின் வழியாக எடுக்கக் கூடாது. 5 வோல்ட், 4 ஆம்பியர் தரும் தனி அடாப்டர் வேண்டும். அடாப்டரின் எதிர்முனையும் பலகையின் எதிர்முனையும் இணைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் துடிப்புகளை விளக்கு சரியாகப் படிக்காது.

இன்னொரு விந்தையையும் காண்பீர்கள். எல்லா விளக்குகளையும் வெள்ளையாக எரிய விட்டால், கடைசி விளக்குகள் சற்றே சிவந்து தெரியலாம். மெல்லிய கம்பியின் மின்தடையால் கடைசியில் மின்னழுத்தம் குறைந்துவிடுகிறது. சிவப்பு எல்.இ.டி.க்கு ஏறத்தாழ 2 வோல்ட் போதும். பச்சைக்கும் நீலத்துக்கும் ஏறத்தாழ 3 வோல்ட் வேண்டும். ஆகவே அவை முதலில் மங்கிவிடுகின்றன. சிவப்பு எஞ்சி நிற்கிறது. வரிசையின் இரு முனைகளிலும் மின்சாரம் கொடுத்தால் இக்குறை நீங்கும். ஓம் விதியை இதைவிட அழகாக எந்தப் பாடநூலும் காட்ட முடியுமா?

பாட்டுக்கு ஆடும் விளக்கு

அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்து மேசன் என்ற ஊரில், 2004-ல் ஒரு பொறியாளர் தம் வீட்டில் 16,000 விளக்குகளை இசைக்கு ஏற்ப ஆட வைத்தார். அந்தக் காட்சிப் படம் அடுத்த ஆண்டு உலகெங்கும் பரவியது. கணிப்பொறி பாட்டைக் கேட்டு ரசித்தா விளக்குகளை ஆட்டியது? இல்லை. மனிதர் ஒருவர் அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு, எந்தக் கணத்தில் எந்த விளக்கு எரிய வேண்டும் என்று பட்டியல் எழுதினார்.

நீங்களும் எழுதலாம். ஒரு நொடியை 20 பகுதிகளாகப் பிரியுங்கள். மூன்று நிமிடப் பாட்டுக்கு 3600 வரிகள் வரும். நிமிடத்துக்கு 120 தாளம் உள்ள பாட்டானால், 10 வரிக்கு ஒரு தாளம். அந்த வரிகளில் மட்டும் நட்சத்திரத்தின் முனைகளை எரிய விட்டுப் பாருங்கள். ஒரு விளக்குக்கு 3 எண் வீதம் 50 விளக்குகளுக்கு 150 எண்கள். 3600 வரிகளுக்கு மொத்தம் 5,40,000 எண்கள். இத்தனை பட்டைகள் ஒட்ட எவ்வளவு பெரிய உருளை வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்! இவ்வளவும் ஒரு சிறு மெமரி கார்டின் மூலையில் அடங்கிவிடுகிறது.

230 வோல்ட்டுடன் விளையாட வேண்டாம்

இதுவரை நாம் 5 வோல்ட்டிலேயே நின்றதற்குக் காரணம் உண்டு. 6 வோல்ட் பல்புகள் ஏறக்குறைய 38 கோத்த பழைய சீரியல் செட்டை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு பல்புக்கும் 6 வோல்ட்தான் என்பதால் அதைத் தொட்டால் ஆபத்தில்லை என்று பலர் நினைக்கிறார்கள். இது பெருந்தவறு. எரியும் வரிசையிலிருந்து ஒரு பல்பைக் கழற்றினால் மின்னோட்டம் நின்றுவிடும். மின்னோட்டம் இல்லாதபோது மற்றப் பல்புகளில் மின்னழுத்த இறக்கமும் இல்லை. ஆகவே 230 வோல்ட் முழுவதும் கழற்றிய அந்த ஒற்றை இடைவெளியில் வந்து நிற்கிறது! அணைந்த வரிசைதானே என்று அதில் விரலை வைப்பவரின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

வீடுகளில் பொருத்தும் ஆர்.சி.சி.பி. என்னும் காப்புச் சாதனம், 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்குமாறு அமைக்கப்படுகிறது. நம் நட்சத்திரத்தின் ஒரே ஒரு விளக்கு எடுப்பதில் இது பாதி. இவ்வளவு சிறிய மின்னோட்டமே மனித உயிருக்குப் பகை.

மேலே செல்லும் கம்பிகளையும் மறக்கக் கூடாது. 2022 ஏப்ரல் 27 அதிகாலையில் தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில், அப்பர் சதய விழாத் தேரின் உச்சி உயர் அழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் உயிரிழந்தார்கள். விழா எந்தச் சமயத்துடையதாயினும் மின்சாரம் வேறுபாடு பார்ப்பதில்லை.

ஆகவே மாணவர்களே, இவற்றைக் கடைப்பிடியுங்கள்:

1. 5 வோல்ட் விளக்குகளையே பயன்படுத்துங்கள். அடாப்டரில் பி.ஐ.எஸ். முத்திரை இருக்கட்டும்.

2. அடாப்டரை மழையும் பனியும் படாமல் வீட்டுக்குள் வையுங்கள். வெளியே 5 வோல்ட் கம்பி மட்டும் செல்லட்டும்.

3. 5 வோல்ட் அதிர்ச்சி தராது. ஆனால் 4 ஆம்பியர் செல்லும் கம்பிகள் ஒன்றோடொன்று உரசினால் காகித நட்சத்திரம் பற்றிக்கொள்ளலாம். உரிய பியூஸ் பொருத்துங்கள்.

4. நிரலில் ஒளியைக் கால் பங்காகக் குறையுங்கள். இரவில் அதுவே போதும்.

5. 230 வோல்ட் வரிசைகளை ரிலே மூலம் இயக்குவது உரிமம் பெற்ற மின்பணியாளரின் வேலை. அதைப் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

செய்து பாருங்கள்

நட்சத்திரத்துக்கு முன் ஒரு சிறு சோதனை. ஆர்டுயினோவின் மூன்று முனைகளில் முனைக்கு மூன்று வீதம் 9 சிவப்பு எல்.இ.டி.களை இணையுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனியே 1000 ஓம் மின்தடை வையுங்கள். ஒரு விளக்குக்கு 3 மில்லி ஆம்பியரே செல்லும், பலகைக்குத் தீங்கில்லை. 100, 010, 001 என்ற வரிகளை 0.2 நொடிக்கு ஒன்றாக ஓட விடுங்கள். பிறகு 0.1, 0.05, 0.02 நொடி எனக் குறைத்துக்கொண்டே வாருங்கள். எந்த இடத்தில் ஓட்டம் மறைந்து எல்லா விளக்குகளும் ஒன்றாக எரிவதுபோல் தோன்றுகிறது? உங்கள் தாத்தாவுக்கும் தங்கைக்கும் அது ஒரே நேரத்தில் நிகழ்கிறதா? அளந்து குறித்து வையுங்கள். உங்கள் பள்ளியின் அடுத்த அறிவியல் கண்காட்சிக்கு அதுவே ஒரு நல்ல ஆய்வாகும்.