பேயாக யாரை நிறுத்துவது?
திகில் சிறுகதையாளர் வட்டங்கள் பற்றிச் சில குறிப்புகள்

சென்ற இதழில் ஒரு பேய்க்கதை வெளியாகியிருந்தது. யுத்தத்தையும் சிறையையும் எல்லை கடத்தல்களையும் கண்டுவந்த ஒரு சமூகத்தின் சஞ்சிகைக்குப் பேய்க்கதை எதற்கு என்று நண்பர்கள் சிலர் கேட்டிருக்கிறார்கள். கதையை எழுதியவர் இங்கேயே பள்ளிக்கூடம் போய் வளர்ந்த இளைஞர். இந்நாட்டு மொழியிலும் இத்தகைய கதைகளை எழுதித் திகில் கதைச் சஞ்சிகைகளுக்கும் தொகுப்புகளுக்கும் அனுப்பி வருபவர். நண்பர்களின் கேள்வி நியாயமானது. ஆனால் ஆம், இல்லை என்று தீர்ப்புச் சொல்லுமுன், இவ்வகைக் கதைகள் எவ்வாறு உருவாகின்றன, எழுதுபவர்கள் தமக்குள் என்ன கொடுக்கல்வாங்கல் செய்கிறார்கள் என்பதை அறிந்துகொள்வது நல்லது. ஊரில் ஆங்கில இலக்கியம் கற்பித்த காலத்தில், பாடத்திட்டத்துக்கு வெளியே நான் தேடிப் படித்த துறைகளுள் இதுவும் ஒன்று.

முதலில் வடிவம் பற்றி ஒரு வார்த்தை. பயம் நெடுநேரம் நிற்காத உணர்ச்சி. துக்கத்தை நானூறு பக்கத்துக்கு இழுக்கலாம், பயத்தை இழுத்தால் அது சலிப்பாகிவிடும். ஒரே இருப்பில் படித்து முடிக்கக்கூடியதாகவும், ஒரேயொரு விளைவை நோக்கி எல்லா வாக்கியங்களும் நகர்வதாகவும் கதை இருக்கவேண்டும் என்று எட்கார் அலன் போ 1842இல், ஹோதோர்னின் கதைத்தொகுதி பற்றிய மதிப்புரையில் வாதிட்டார். சிறுகதை பற்றிய பொதுவான விதியாக இதனை நாம் படித்திருக்கிறோம். திகில் கதைக்கு இது பொதுவிதி என்பதைவிட உயிர்விதி என்றே சொல்லவேண்டும்.

இதிலிருந்து ஒரு சிக்கல் பிறக்கிறது. கதவுக்குப் பின்னால் என்ன நிற்கிறது என்பது எழுதுகிறவனுக்கு முன்கூட்டியே தெரியும். ஆகவே தன் கதை பயமுறுத்துகிறதா என்பதைத் தானே சோதித்துப் பார்க்க அவனால் முடியாது. நகைச்சுவை எழுதுபவருக்கும் இதே நிலைதான். கேட்க ஓர் ஆள் வேண்டும். திகில் சிறுகதையின் வரலாற்றில் தனிமனிதர்களைவிட வட்டங்கள் அதிகம் தென்படுவதற்கு இது ஒரு முக்கிய காரணம் என்பது என் கருத்து.

1816ஆம் ஆண்டுக் கோடையில் ஜெனீவா ஏரிக்கரை வீடொன்றில் கவிஞர் பைரனும் ஷெல்லியும், பின்னர் ஷெல்லியின் மனைவியான மேரியும், பைரனின் வைத்தியர் பொலிடோரியும் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவது என்று பேசிக்கொண்டார்கள். முந்திய ஆண்டு இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்ததன் விளைவாக ஐரோப்பாவுக்குக் கோடையே வராமல் போன ஆண்டு அது. வெளியே ஓயாத மழை. பெருங்கவிகள் இருவரும் தொடங்கியதைக் கைவிட்டனர். பதினெட்டு வயது மேரியிடமிருந்து ஃபிராங்கன்ஸ்ரைன் (1818) பிறந்தது. பொலிடோரியின் இரத்தக்காட்டேறிக் கதை 1819இல் அச்சேறியபோது பைரனின் பெயரில் வெளிவந்தது. வட்டம் கதையையும் தரும், சிறியவரின் பெயரை விழுங்கியும் விடும் என்பதற்கு இவ்வீடே சாட்சி.

கேம்பிறிட்ஜில் எம். ஆர். ஜேம்ஸ் என்ற பழஞ்சுவடி அறிஞர் 1893 ஒக்ரோபரில் ஒரு சிறு கழகத்தின் முன் தன் முதல் பேய்க்கதைகளை வாசித்தார். பின்னர் நத்தார் இரவுகளில் கிங்ஸ் கல்லூரி நண்பர்களைக் கூட்டி மெழுகுதிரி வெளிச்சத்தில் வாசிப்பது வழக்கமாயிற்று. கேட்டவர்கள் எல்லோரும் அவரைப்போன்ற கல்லூரி ஆண்கள். பழைய பொருளைத் தோண்டி எடுக்கும் அறிஞனைப் பேய் துரத்துவது அவரது கதைகளில் திரும்பத்திரும்ப வருகிறது. கேட்பவரின் பயம் எதுவோ அதுவே கதையின் பயமாகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு அமெரிக்காவுக்குப் போவோம். ஒரு எழுத்தாளன் இத்தகைய வட்டத்தில் பங்கெடுப்பது எப்படி என்பதற்கு நன்கு பதிவாகியுள்ள உதாரணம் அங்கேதான் இருக்கிறது.

1923 மார்ச்சில் சிக்காகோவிலிருந்து 'வியர்ட் ரேல்ஸ்' என்ற மலிவுத்தாள் சஞ்சிகை வெளிவரத் தொடங்கியது. 1924 நவம்பர் முதல் 1940 வரை ஃபார்ண்ஸ்வேர்த் றைட் அதன் ஆசிரியர். சொல்லுக்கு அரைச் சதம், ஒரு சதம் என்பதே பொதுவான கூலி. ஐயாயிரம் சொற்கொண்ட கதைக்கு ஒரு சதவீதப்படி கணக்கிட்டால் 50 டொலர். அதுவும் கதையை ஏற்கும்போது அல்ல, அச்சானபின். றொபேட் ஈ. ஹவார்ட் என்ற ரெக்சாஸ் எழுத்தாளருக்குச் சஞ்சிகை தரவேண்டிய பாக்கி 1935இல் 800 டொலரைத் தாண்டியிருந்தது. ஆகவே பணத்துக்காக மட்டும் இவர்கள் அங்கே கூடியிருந்தார்கள் என்று சொல்லமுடியாது.

அவர்களை இணைத்தவை கடிதங்கள். றோட் ஐலண்டின் புறொவிடன்ஸ் நகரில் ஹவார்ட் பிலிப்ஸ் லவ்கிராவ்ற் (1890-1937), கலிபோர்னியாவில் கிளார்க் அஷ்ரன் ஸ்மித், ரெக்சாஸின் ஒரு சிற்றூரில் ஹவார்ட். லவ்கிராவ்றும் ஹவார்டும் ஒருவரையொருவர் நேரில் கண்டதேயில்லை. லவ்கிராவ்ற் தன் வாழ்நாளில் எழுதிய கடிதங்கள் பல பத்தாயிரங்கள் என்று மதிப்பிடப்படுகிறது. இப்பழக்கம் அவருக்கு 1914இல் அவர் சேர்ந்த ஒரு கைப்பத்திரிகையாளர் சங்கத்திலிருந்து வந்தது. ஊதியமின்றி, தாமே அச்சிட்டு, தமக்குள் அனுப்பி, தமக்குள் விமர்சித்துக்கொண்ட மனிதர்களின் சங்கம் அது. நமது தொண்ணூறுகளின் கையெழுத்துப் பிரதிகளையும் ஒளிப்பிரதிச் சஞ்சிகைகளையும் அறிந்த வாசகருக்கு இதனை மேலும் விளக்கத் தேவையில்லை.

இவ்வட்டத்தில் நடந்தவற்றை மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது, கைப்பிரதி வாசிப்பு. தட்டச்சுப் பிரதி ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தபாலில் சுற்றும். எங்கே பயம் தளர்கிறது, எந்த விளக்கம் மிகை என்று குறிப்புகள் திரும்பிவரும்.

இரண்டாவது, ஒருவருக்காக மற்றவர் பேசுவது. லவ்கிராவ்றின் மிகப் பிரபலமான கதையான 'கதுலுவின் அழைப்பு' முதலில் திருப்பி அனுப்பப்பட்டது. 1927இல் டொனால்ட் வொண்ட்றை என்ற இளைஞர் சிக்காகோவில் ஆசிரியரைச் சந்தித்து, லவ்கிராவ்ற் வேறு சஞ்சிகைகளை நாடக்கூடும் என்று காதில் போட்டுவைத்தார். கதை 1928 பெப்ரவரியில் வெளியாயிற்று.

மூன்றாவது, கற்பனையைப் பொதுச்சொத்தாக்குவது. லவ்கிராவ்ற் 'நெக்ரோனொமிக்கன்' என்ற இல்லாத நூலொன்றைக் கற்பித்தார். ஸ்மித் 'எய்பனின் நூல்' என்று ஒன்றையும், ஹவார்ட் 'பெயரற்ற வழிபாடுகள்' என்று ஒன்றையும் படைத்தனர். ஒருவரின் நூலை மற்றவர் தன் கதையில் சர்வசாதாரணமாக மேற்கோள் காட்டினார். மூன்று கதைகளில் ஒரே நூலின் பெயரைக் கண்ட வாசகர், அது உண்மையிலேயே இருக்கிறதா என்று விசாரிக்கத் தொடங்கினர்.

மில்வோக்கி நகரில் றொபேட் புளொக் என்ற பதினாறு வயதுப் பையன் 1933இல் லவ்கிராவ்றுக்கு ஒரு வாசகர் கடிதம் எழுதினான். பதிலில் தன் கதைகளை இரவல் தருவதாகச் சொன்ன லவ்கிராவ்ற், நீயும் எழுதிப்பார் என்று தூண்டினார். இரண்டாண்டுக்குள் புளொக்கின் கதைகள் அதே சஞ்சிகையில் வரத் தொடங்கின. 1935 செப்ரெம்பர் கதையில் லவ்கிராவ்றைப் போன்ற ஒரு பாத்திரத்தைப் படைத்துக் கொன்றுவிட விரும்பினான். அனுமதி கேட்டான். வட்டத்தாரின் கற்பனைப் பாத்திரங்களைச் சாட்சிகளாக நிறுத்தி, தன்னைக் கொல்ல முழு அதிகாரம் வழங்கும் பத்திரமொன்றை லவ்கிராவ்ற் அனுப்பிவைத்தார். லவ்கிராவ்ற் பதில்மரியாதை செய்யவேண்டும் என்று ஒரு வாசகர் கடிதப் பகுதியில் எழுதினார். 1936 டிசெம்பரில் வந்த கதையில் மில்வோக்கியைச் சேர்ந்த 'றொபேட் பிளேக்' செத்துப்போனார். அடுத்த மார்ச்சில் லவ்கிராவ்றே வறுமையிலும் புற்றுநோயிலும் தனது 46வது வயதில் காலமானார். 1950இல் புளொக் மூன்றாவது கதையை எழுதி அந்தத் தொடரை முடித்துவைத்தார். குருவின் நடையைப் பின்பற்றத் தொடங்கிய புளொக், பின்னர் வேற்றுலகப் பூதங்களை விட்டு மனித மனத்தின் பக்கம் திரும்பினார். 1959இல் அவர் எழுதிய 'சைக்கோ'வை மறு ஆண்டு ஹிற்ச்கொக் படமாக்கினார். தன்னைக் கொல்ல மாணவனுக்கு அனுமதி தரும் ஆசிரியர்கள் அரிது. நானும் பல்கலைக்கழகத்தில் இருந்தவன் என்பதால் இதைச் சொல்கிறேன்.

லவ்கிராவ்ற் வாழ்ந்த காலத்தில் அவரது பெயரில் வந்தது அச்சுப்பிழைகள் மலிந்த சிறு நூலொன்று மட்டுமே. 1939இல் வொண்ட்றையும் ஓகஸ்ட் டேர்லெத்தும் தாமே ஆர்க்கம் ஹவுஸ் என்ற பதிப்பகத்தைத் தொடங்கி, அவரது கதைகளை 1268 பிரதிகள் அச்சிட்டனர். இன்று உலகமெங்கும் அவர் அறியப்படுவதற்கு அந்த நண்பர்களின் பிடிவாதமே அடிப்படை.

இவ்வளவும் வட்டத்தின் ஒளிமிக்க பக்கம். மறுபக்கத்தை மறைத்தால் இக்கட்டுரை பொய்யாகிவிடும்.

1924 முதல் 1926 வரை லவ்கிராவ்ற் நியூயோர்க்கின் புறூக்ளினில் வாழ்ந்தார். அந்த அனுபவத்திலிருந்து எழுதிய 'றெட் ஹுக்கின் பயங்கரம்' 1927 ஜனவரி இதழில் வந்தது. இக்கதையில் பயங்கரம் வேறு யாருமல்ல, துறைமுகப் பகுதியில் நெருக்கியடித்து வாழும் குடியேறிகள்தான். அவர்களின் தோலும் மொழியும், ஆவணமில்லாமல் இரவில் வந்திறங்குவதும் தீமையின் அடையாளங்களாகக் காட்டப்படுகின்றன. நான் வேலைசெய்யும் தொழிற்சாலையின் உடைமாற்றும் அறையில் காலை ஐந்தரை மணிக்கு ஏழெட்டு மொழிகள் கேட்கும். லவ்கிராவ்றின் கதையில் அந்த ஓசைதான் வாசகனின் முதுகைச் சில்லிடவைக்க வேண்டிய ஓசை. இக்கதையை எழுதியபோது அவரது மனைவியாக இருந்த சோனியா கிறீன், உக்ரெயினிலிருந்து குழந்தைப்பருவத்தில் வந்த யூதக் குடியேறி. தொப்பிக்கடை வேலையில் உழைத்து அவ்வீட்டைத் தாங்கியவரும் அவரே.

இதை ஒரு தனிமனிதரின் மனநோய் என்று ஒதுக்கிவிட முடியாது. கைப்பிரதிகளைச் சுற்றவிட்டுத் திருத்திய வட்டம் பெரும்பாலும் வெள்ளையின ஆண்களால் ஆனது. இந்தப் பயம் தளர்வானது, இது பொய்ப்பயம் என்று குறிப்பெழுதி அனுப்ப றெட் ஹுக்கிலிருந்து ஒருவரும் அங்கே இல்லை. நான் சொல்ல வந்த விடயம் இதுதான்: ஒரு திகில் கதையில் பேயாக யாரை நிறுத்துவது என்பதை, அதை முதலில் வாசித்துத் திருத்துகிறவர்களும் சேர்ந்தே தீர்மானிக்கிறார்கள்.

அந்த வட்டம் மாறியபோது கதைகளும் மாறின. உலகக் கற்பனைப்புனைவு விருது 1975 முதல் லவ்கிராவ்றின் தலைச்சிலை வடிவில் வழங்கப்பட்டு வந்தது. 2011இல் அதனைப் பெற்ற நைஜீரிய-அமெரிக்க எழுத்தாளர் ந்நெடி ஒகொறாஃபர், தன் இனத்தை இழிவுபடுத்தி எழுதியவரின் தலையை வீட்டில் வைத்திருப்பதன் சங்கடத்தைப் பகிரங்கமாக எழுதினார். நீண்ட விவாதத்தின்பின் 2015இல் அச்சிலையைக் கைவிடும் முடிவு வந்தது. 2016இல் கறுப்பின எழுத்தாளர் விக்ரர் லவால், 'கறுத்த ரொம்மின் கதைப்பாடல்' என்ற குறுநாவலில் அதே றெட் ஹுக் கதையை ஹார்லெம் இளைஞன் ஒருவனின் பக்கத்திலிருந்து திருப்பி எழுதினார். அதில் பூதங்களைவிடப் பொலிசாரே அதிகம் பயமுறுத்துகிறார்கள். நூலை அவர் முரண்பட்ட உணர்வுகளுடன் லவ்கிராவ்றுக்கே சமர்ப்பித்தார். பழைய வட்டத்துக்கு வெளியே நின்று கல்லெறியாமல், உள்ளே புகுந்து கதையைப் பிடுங்கித் திருத்தும் முறை இது.

இனி நம் நண்பர்களின் கேள்விக்கு வருகிறேன். திகில் கதை தமிழுக்கு அந்நியமானது அல்ல. புதுமைப்பித்தனின் காஞ்சனையில் வீட்டுக்குள் வந்த பெண் யார் என்பது இறுதிவரை தீர்வதில்லை, அந்தத் தீராமைதான் கதையின் பலம். நள்ளிரவில் நாய்கள் குரைப்பதை எண்ணி எண்ணி, எந்த ஒழுங்கையில் வாகனம் நிற்கிறது என்று காதுகொடுத்துக் கிடந்த மக்கள் நாம். கதவு தட்டப்படுவதற்கு முந்திய நிமிடத்தைப் பற்றி நமக்குத் தெரிந்தது இத்துறையின் பல எழுத்தாளர்களுக்குத் தெரியாது. அதைச் சாட்சியமாக எழுதுவது ஒரு வழி. பெயர், திகதி, இடம் சொல்ல முடியாதவர்களுக்குப் பேய்க்கதை இன்னொரு வழி.

ஆனால் இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, மேற்கத்தைய திகில் சந்தை எங்களிடம் 'உங்கள் ஊர்ப் பேயைக் கொண்டுவாருங்கள்' என்று கேட்கும். முனியையும் கொத்தியையும் காட்சிப்பொருளாக விற்பது எளிது. ஆனால் அப்போது நாம் மறுபடியும் றெட் ஹுக்கின் பாத்திரங்களாகிவிடுவோம். மற்றது, நம் இறந்தவர்கள். புதைகுழி தோண்டப்படும் செய்தியை இன்றும் காத்திருந்து வாசிக்கும் தாய்மார் உள்ள சமூகத்தில், எலும்புக்கூட்டை வெறும் அதிர்ச்சிக்காகக் கதையில் எழுப்புவது அநியாயம். இவ்விரண்டையும் எழுதுபவர் தனியே இருந்து தீர்மானிப்பது கடினம். அதற்குத்தான் வாசிக்கும் வட்டம் வேண்டும் என்கிறேன்.

சென்ற இதழின் கதையில் குறைகள் உண்டு. கடைசிப் பந்தி விளக்கம் தேவையற்றது, நடுவில் பயம் தளர்கிறது. இவற்றை அச்சிடுமுன் சொல்ல நம்மிடையே ஒருவரும் இருக்கவில்லை. அந்த இளைஞரின் கதைகளைத் திருத்தி வாசிப்பவர்கள் இன்று வேறு மொழிக்காரர். அவர்கள் நல்லவர்களாக இருக்கலாம், ஆனால் நம் வீட்டின் எந்த அறை பூட்டிக்கிடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. இந்தச் சஞ்சிகையைச் சுற்றி ஐந்தாறு பேர் கைப்பிரதிகளைத் தபாலில் மாற்றி வாசித்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கக் குறிப்பு எழுதும் ஏற்பாடொன்றைத் தொடங்கலாம் என்பது என் பிரேரணை. பேய்க்கதை வேண்டாம் என்பவர்கள் முதலில் சேரவேண்டும். எதிர்வினைகளை எதிர்பார்க்கிறேன்.