சூடானால் நிற்கும் கார்: கிராங்க் சென்சார் மாற்றிய கதை

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். போகும்போது கார் ஒழுங்காகப் போகும். ஆண்டாள் கோயில் பக்கம் நிறுத்திவிட்டு, பால்கோவா வாங்கிக்கொண்டு வந்து சாவியைத் திருகினால் செல்ஃப் சுத்தும், இன்ஜின் பிடிக்காது. அரை மணி நேரம் கழித்து ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடும். ஒரு ஒர்க்‌ஷாப்பில் "பெட்ரோல் பம்ப் போயிருச்சு சார்" என்று மாற்றினார்கள். செலவுதான் மிச்சம். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன அன்று நடுரோட்டில், பின்னால் லாரி வரும்போது நின்றது. அன்றைக்குத்தான் நானே பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

இன்ஜினை நிறுத்தியதும் காற்றோட்டமும் கூலன்ட் ஓட்டமும் நின்றுவிடும். அதனால் பானெட்டுக்குள் சூடு குறையாது. கொஞ்ச நேரத்துக்கு ஏறும். சூட்டில் செத்து, ஆறியதும் பிழைக்கிற பொருள் எது என்று தேடினால், முதல் சந்தேகம் கிராங்க் பொசிஷன் சென்சார் மேல்.

நம்ம ஊர் நூற்பாலைகளில் சுழலும் தண்டின் வேகத்தை எண்ணும் சென்சாருக்கு இது பங்காளி. பல கார்களில் கிராங்க்கோடு சுழலும் சக்கரத்தில் 60 பல்லுக்கு இடம் இருக்கும். இரண்டை விட்டுவிட்டு 58 மட்டும் வெட்டியிருப்பார்கள். ஒரு பல்லுக்கு 6 டிகிரி. அந்த இடைவெளி கடக்கும்போதுதான் பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியும். சிக்னல் இல்லையென்றால் எப்போது ஸ்பார்க் கொடுப்பது, எப்போது பெட்ரோல் தெளிப்பது என்று அதற்குத் தெரியாது.

ஓபிடி கருவியை மாட்டினேன். பி0335 என்று வந்தது. கவனிக்கணும், சென்சாரின் சர்க்யூட்டில் கோளாறு என்றுதான் அதற்கு அர்த்தம். சென்சாரை மாற்று என்று அல்ல. ஒயர் அறுந்தாலும், கனெக்டரில் பச்சை பூத்தாலும் இதே கோடுதான். என்னுடையது இரண்டு பின் உள்ள காயில் வகை. வீட்டில் மீட்டர் வைத்தால் 870 ஓம், நல்ல பிள்ளை மாதிரி. இங்கேதான் ஏமாறுவோம். அடுத்த முறை வண்டி நின்ற இடத்திலேயே அளந்தேன்: ஓப்பன். செல்ஃப் சுத்தும்போது மொபைலில் ஆர்பிஎம் பூஜ்ஜியம். முடிந்தது விசாரணை. (மூன்று பின் உள்ள ஹால் வகையை இப்படி ஓம் பார்த்துத் தீர்மானிக்கக் கூடாது. சப்ளை, எர்த், சிக்னல் மூன்றையும் வோல்ட்டேஜில் பார்க்கணும்.)

சென்சார் இருப்பது இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில், பின்பக்கம். கண்ணுக்குத் தெரியாது, மேலிருந்து கை போகாது. இன்ஜின் ஆறியபின் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, பின்சக்கரத்துக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தை ஸ்டாண்டில் நிறுத்தினேன். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது. ஒரே ஒரு 10 நம்பர் போல்ட், அதற்கு நீள எக்ஸ்டென்ஷனும் யுனிவர்சல் ஜாயின்ட்டும். போல்ட் கீழே விழாமலிருக்க சாக்கெட்டுக்குள் துளி கிரீஸ். ஓ-ரிங் பிடித்துக்கொண்டதால் சென்சார் வரவில்லை. நெம்பினால் பிளாஸ்டிக் ஒடிந்து பாதி உள்ளேயே நின்றுவிடும். துருவிளக்கி எண்ணெய் விட்டு, இடமும் வலமுமாகத் திருப்பித் திருப்பி எடுத்தேன். பழைய ஒயரின் நுனியில் ஒரு சணலைக் கட்டி இழுத்ததால், புது ஒயர் அதே வழியில் ஏறிவிட்டது. அந்தச் சணல் மட்டும் இல்லையென்றால் இன்னும் ஒரு மணி நேரம் படுத்திருப்பேன்.

ஞாயிறு மத்தியானம் அதே கோயில் பக்கம், அதே வெயிலில், வேண்டுமென்றே இருபது நிமிடம் நிறுத்தி வைத்துத் திருகினேன். பிடித்துக்கொண்டது. காத்திருந்த நேரத்தில் பால்கோவா மட்டும் கால் கிலோ கூடிப்போச்சு.