வெப்சைட் வைத்திருக்கும் வியாபாரிகள் கவனத்திற்கு



திருச்சி காந்தி மார்க்கெட்டில் நாற்பது ஆண்டுகளாகப் பருப்பு, மிளகாய் மொத்த வியாபாரம் செய்து வருகிறேன். கம்ப்யூட்டர் பற்றி எழுத எனக்குப் படிப்பு இல்லை. பட்ட அனுபவம் உண்டு. அது உங்களுக்கும் பயன்படட்டும் என்றே எழுதுகிறேன்.

2015ல் என் மகன் யோசனைப்படி கடைக்கு ஒரு வெப்சைட் அமைத்தோம். ஸ்ரீரங்கம், திருவானைக்காவல், மண்ணச்சநல்லூர் சில்லறைக் கடைக்காரர்கள் இரவு கடையடைத்த பின் அதில் ஆர்டர் போடுவார்கள்; காலையில் சரக்கை வண்டியில் ஏற்றுவோம். எட்டு ஆண்டுகள் குறையின்றி நடந்தது. 2023 தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கையில் ஒரு காலை திறந்து பார்த்தால் வெறும் வெள்ளைப் பக்கம்! சரிசெய்ய ஐந்து நாளாயிற்று. அந்த ஐந்து நாள் வியாபாரம் வேறு கடைகளுக்குப் போய்விட்டது.

எங்கள் வெப்சைட் பி.எச்.பி. என்ற கம்ப்யூட்டர் மொழியின் 5.6 பதிப்பில் ஓடியது. அந்தப் பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2018 டிசம்பர் 31ஆம் தேதியோடு நின்றுவிட்டன. அதன் பின்னும் ஓடவிட்ட சர்வர் கம்பெனி, கடைசியில் நிறுத்திப் புதிய பதிப்புக்கு மாற்றிவிட்டது. சரக்கு விவரங்களை எடுக்க எங்கள் புரோகிராம் நம்பியிருந்த பழைய கட்டளைகளோ, 2015 டிசம்பரில் வந்த 7.0 பதிப்பிலேயே நீக்கப்பட்டவை. பிறகு எப்படி ஓடும்?

"வாடகை தவறாமல் கட்டுகிறோமே, பழையதையே விட்டுவைத்தால் என்ன?" என்று கோபப்பட்டேன். கம்ப்யூட்டர் படித்த என் மருமகன் விளக்கினார்: "மாமா, அது தனி வீடு இல்லை, ஒண்டுக்குடித்தனம். ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான கடைகள் இருக்கும். தடுப்புச் சுவர் உண்டுதான். ஆனாலும் உங்கள் பழைய கதவு வழியாகத் திருடன் நுழைந்து, அங்கிருந்து மோசடிக் கடிதங்கள் அனுப்பினால், அந்த சர்வரின் முகவரியே கறுப்புப் பட்டியலில் ஏறிவிடும். பக்கத்துக் குடித்தனக்காரரின் நல்ல இ-மெயிலும் போய்ச் சேராது."

எனக்கு நியாயம் புரிந்தது. மேலும், கம்பெனி மூன்று முறை எச்சரித்திருக்கிறது. அவை வெப்சைட் செய்து கொடுத்தவரின் இ-மெயிலுக்குப் போயின. அவரோ வேறு ஊரில் வேலைக்குப் போய்விட்டார். என் கடைக் கணக்கைப் பிறர் பெயரில் வைத்தது என் தவறு.

நான் கற்றவை இவை. வெப்சைட் பெயரும் சர்வர் கணக்கும் நம் பெயரில், நம் இ-மெயிலில் இருக்க வேண்டும். புரோகிராம், சரக்கு விவரம் இரண்டின் நகலும் நம் கையில் இருக்க வேண்டும். எந்தப் பதிப்பில் ஓடுகிறது, அதற்குப் பாதுகாப்பு எந்தத் தேதி வரை என்று கேட்டுக் குறித்து வையுங்கள். இப்போது பி.எச்.பி.யின் ஒவ்வொரு பதிப்புக்கும் நான்கு ஆண்டுதான் ஆயுள். கடைசி இரண்டாண்டில் பாதுகாப்புத் திருத்தம் மட்டுமே வரும். மாற்றுமுன் தனி நகலில் ஓட்டிப் பாருங்கள். அதையும் சீசன் இல்லாத மாதத்தில் செய்யுங்கள். பழைய பதிப்புக்குத் தாங்களே திருத்தம் செய்து கட்டணம் வாங்கும் கம்பெனிகளும் உண்டு. அது தவணை வாங்குவதுதான், தீர்வு ஆகாது.

எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை போடுகிறோம் அல்லவா? அந்தச் செலவோடு இதையும் ஒரு செலவாகக் கணக்கில் எழுதிவிடுங்கள்.