சுக்கானா, வெங்கச்சங்கல்லா?

திருமங்கலம் தாண்டி, கள்ளிக்குடிப் பக்கக் கரிசல் காட்டில் இறங்கி நடந்தால் வெள்ளைக் கற்கள் காலில் இடறும். சில சுக்கான் என்னும் சுண்ணாம்புக்கல், சில வெங்கச்சங்கல். மண்ணேறிக் கிடக்கும் பொடித் துண்டுகளைக் கண்ணால் பார்த்துப் பிரிப்பது சிரமம். இதற்காகவே நிலவியல்காரர்கள் பையில் ஒரு சின்ன பாட்டில் வைத்திருப்பார்கள். உள்ளே நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம்.

ஒரு சொட்டு விட்டதும் சுக்கான் சுர்ரென்று நுரைக்கும். வெங்கச்சங்கல் மேல் விட்ட சொட்டு, விட்டபடியே நிற்கும். சுக்கானில் இருப்பது கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டால் அதிலிருந்து கார்பன் டை ஆக்சைடு குமிழிவிட்டுக் கிளம்பும். மற்றது சிலிக்கா, இந்த அமிலத்துக்கு மசியாது.

நுரைத்தால் சுண்ணாம்புதான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நுரைக்கிறதென்றால் பெரும்பாலும் கார்பனேட், அவ்வளவுதான். சமையல் சோடாவும் நுரைக்கும். டாலமைட் கல்லாக இருக்கும்போது லேசாக முனகும், பொடித்துப் போட்டால் பொங்கும். வரும் வாயுவைத் தெளிந்த சுண்ணாம்பு நீரில் விட்டால் பால்போல் வெளுக்கும். ஆனால் சல்பைட் உப்புகள் கக்கும் கந்தக டை ஆக்சைடும் அதே வேலையைச் செய்யும். மூக்கைத் துளைக்கும் நெடிதான் அதைக் காட்டிக்கொடுக்கும். பிளஸ் டூ செய்முறைத் தேர்வில் 'சால்ட்' கண்டுபிடிக்கும் பிள்ளைகள் சறுக்கும் இடங்களில் இதுவும் ஒன்று. உலோகம் எது என்பது தனி விசாரணை. கால்சியம் என்றால் சுடர் செங்கல் சிவப்பில் எரியும்.

அமிலத்தை மாற்றினால் கதையும் மாறும். சுக்கான் மேல் கந்தக அமிலத்தை விட்டால் நுரை தொடங்கிச் சீக்கிரமே அடங்கிவிடும். உண்டான ஜிப்சம் கல்லைப் போர்த்திவிடுவதுதான் காரணம்.

காளவாசலில் சுட்டு நீற்றிய புதுச் சுண்ணாம்பு அநேகமாக நுரைக்காது. அதுவே சுவரில் பூசிப் பல வருடம் காற்றைக் குடித்தபின் மறுபடி கார்பனேட் ஆகி நுரைக்கும். பழைய காரையின் துணுக்கை அமிலத்தில் கரைத்து, மிஞ்சிய மணலை நிறுத்துக் கலவை விகிதத்தைக் கணிப்பது இதனால்தான். (1636இல் எழுந்த திருமலை நாயக்கர் மகாலும் செங்கல், சுண்ணாம்புக் கட்டடம்தான். தயவுசெய்து பாட்டிலோடு அங்கே போக வேண்டாம்.)

மண் பரிசோதனை நிலையத்திலும் இதே சொட்டுதான். மண் பொங்கினால் சுண்ணாம்பு மண். அதில் இரும்பு இருந்தும் வேருக்கு எட்டாது. நிலக்கடலையின் இளம் இலை, நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, மஞ்சளாய் வெளுக்கும். அங்கே இரும்பு உப்பான அன்னபேதியை மண்ணில் போட்டால் பெரும்பகுதி முடங்கிப்போகும். கரைத்து இலைமேல் தெளிக்க வேண்டும்.