சுவரும் துணியும் – 9: வெட்டாமல் விடும் இடம்

மின்கம்பத்தில் அடித்திருக்கும் எண்ணையோ, அரிசி மூட்டையில் இருக்கும் ஆலைக் குறியையோ நின்று பார்த்தால் ஒன்று தெரியும்: பூஜ்யம் முழுசாக இருக்காது. மேலேயும் கீழேயும் சின்ன இடைவெளி விட்டு இரண்டு பிறைகளாக நிற்கும். 6, 8, 9 எல்லாவற்றுக்கும் அதே கதிதான். எழுதியவர் அவசரப்பட்டார் என்று நினைக்க வேண்டாம். தகரத்தில் பூஜ்யத்தை முழு வட்டமாக வெட்டினால் உள்ளே இருக்கும் துண்டு கையோடு வந்துவிடும். மிஞ்சுவது ஓட்டை மட்டும். அதில் மை அடித்தால் பூஜ்யம் வராது, பெரிய பொட்டுதான் வரும். உள் துண்டை வெளித் தகரத்தோடு பிடித்து வைக்க வேண்டுமானால் ஓரிரு இடங்களை வெட்டாமல் விட்டாக வேண்டும். அந்த இடத்துக்குப் பாலம் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

சென்ற வாரம் பார்த்த மரக்கட்டை அச்சில் இந்தத் தொல்லை கிடையாது. கட்டையில் எந்தக் கோடும், எந்தப் புள்ளியும் தனியாக நிற்கலாம். பின்னால் மரம் தாங்குகிறது. ஸ்டென்சிலுக்குப் பின்னால் தாங்க எதுவும் இல்லை. எவ்வளவு வெட்டினாலும் தகடு ஒரே துண்டாக இருக்க வேண்டும். சுவரிலும் துணியிலும் ஸ்டென்சில் போட்ட எல்லா நாட்டாரும் இந்த ஒரே முடிச்சோடுதான் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். யார் அதை எப்படி அவிழ்த்தார்கள் என்பதைப் பொறுத்தே அவரவர் பூவும் கொடியும் அமைந்தன.

பாலத்தை மறைக்காமல் அப்படியே விட்டவர்களிடமிருந்து தொடங்கலாம். 1800களின் முற்பாதி, அமெரிக்காவின் வடகிழக்கில் நியூ இங்கிலாந்து என்று அழைக்கப்படும் பகுதி. சுவருக்கு வால்பேப்பர் ஒட்டுவது அப்போது வசதிக்காரர்களின் பழக்கம். நல்ல காகிதம் என்றால் ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வர வேண்டும். இங்கிலாந்திலேயே அது ஆடம்பரச் சரக்குதான்; 1712 முதல் 1836 வரை அதற்குத் தனி வரி இருந்தது. பண்ணை வீட்டுக்காரருக்கும் சாலையோரச் சத்திரக்காரருக்கும் அதே மாதிரி சுவர் வேண்டும் என்ற ஆசை இருந்தது, காசு இல்லை. ஊர் ஊராகச் சுற்றிய ஓவியர்களுக்கு அதுவே பிழைப்பு ஆனது. பெட்டியில் தகடுகள், உருண்டைத் தூரிகைகள், கொஞ்சம் வண்ணப் பொடி. ஒரு வீட்டில் தங்கி, அறையின் நான்கு சுவரையும் முடித்துவிட்டு அடுத்த ஊருக்கு நடையைக் கட்டுவார்கள்.

இவர்களில் பெயர் தெரிந்தவர் மோசஸ் ஈட்டன். அப்பாவுக்கும் மகனுக்கும் ஒரே பெயர், இருவரும் நியூ ஹாம்ப்ஷயரில் வாழ்ந்தவர்கள். 1796இல் பிறந்த மகனின் பெட்டி, தகடுகளும் தூரிகைகளும் உள்ளேயே இருக்க, தப்பிப் பிழைத்துவிட்டது. இப்போது ஹிஸ்டாரிக் நியூ இங்கிலாந்து என்ற பாதுகாப்பு அமைப்பிடம் அது இருக்கிறது. தகடு என்று நான் சொல்வது தகரத்தை அல்ல. எண்ணெயும் சாயமும் ஏறி விறைத்துப்போன தடித்த காகிதம். இந்தச் சுவர்களைத் தேடிப் பதிவு செய்தவர் ஜேனட் வாரிங் என்ற பெண்மணி. 1937இல் வந்த அவருடைய நூல்தான் இந்தத் துறைக்கு அடிப்படை. அவர் தேடிய காலத்தில் பல சுவர்கள் மேலே ஒட்டிய வால்பேப்பருக்கு அடியில் மறைந்து கிடந்தன. கையில் காசு வந்ததும் வீட்டுக்காரர்கள் முதலில் செய்த காரியம் அது போலிருக்கிறது.

ஈட்டன் பாணிச் சுவரில் கூரையை ஒட்டி ஒரு அகலக் கரை ஓடும். தோரணமும் அதில் தொங்கும் மணிகளும் அதில் அடிக்கடி வரும். செங்குத்தாக இறங்கும் குறுகிய பட்டைகள் சுவரைக் கட்டங்களாகப் பிரிக்கும். கட்டத்துக்குள் மாறி மாறிப் பூங்கொத்து, இலைச்சக்கரம், அன்னாசி. அன்னாசி அந்த ஊரில் விருந்தோம்பலின் அடையாளம். பெரும்பாலும் சிவப்பும் பச்சையும், இரண்டே நிறம். நிறத்துக்கு ஒரு தகடு. இந்தப் பூக்களைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தால் இலை தண்டைத் தொடாது என்பது தெரியும். இதழ்கள் ஒன்றையொன்று தொடாமல் ஒரு மயிரிழை தள்ளி நிற்கும். அன்னாசியோ முழுக்க முழுக்கத் தனித்தனிச் சாய்சதுரங்கள். அந்த வெள்ளை இடைவெளி எல்லாமே பாலங்கள்தான். தூரிகையால் வரைந்த பூவில் இல்லாத ஒரு துடிப்பு இந்தப் பூவில் இருக்கிறது என்றால், அது இந்த இடைவெளியால் வந்தது. வெட்டுக் கத்தியின் சங்கடத்தையே அலங்காரமாக்கிய கெட்டிக்காரத்தனம் என்று இதைச் சொல்வேன். இன்று கடையில் விற்கும் பிளாஸ்டிக் ஸ்டென்சில்கள் பலவற்றில் பாலம் எங்கே விழுந்ததோ அங்கே விழுந்து கிடக்கிறது. பூவைக் கணினியில் போட்டு, உதிராமல் இருக்க அங்கங்கே ஒரு ஒட்டு. கண்ணில் உறுத்துவது அதுதான்.

இரண்டாவது வழி நம் வாசலிலேயே இருக்கிறது. மார்கழியில் கடைவீதியில் விற்கும் கோல அச்சுத் தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கோடு என்று ஒன்றுமே அதில் இருக்காது, வரிசையாகத் துளைகள்தான் இருக்கும். சிக்குக் கோலத்தில் எல்லாக் கோடும் சுற்றி வளைந்து மூடிக்கொள்கிறது. அதை அப்படியே கோடாக வெட்டினால் தட்டு உதிர்ந்து போகும். துளையாகப் போட்டால் ஒரு துளைக்கும் அடுத்ததற்கும் நடுவே எப்போதும் பாலம் உண்டு. மாவைக் கொட்டித் தேய்த்தால் புள்ளிகள் சேர்ந்து கோடாகத் தெரியும். அச்சுக் கோலம் சோம்பேறிக் கோலம் என்று சொல்லும் பாட்டிகளோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் அந்தத் தட்டைக் கண்டுபிடித்தவர் சோம்பேறி இல்லை.

புள்ளி வழியை அதன் எல்லை வரை கொண்டுபோனவர்கள் ஜப்பானியர்கள். மிஎ மாநிலத்தில் சுசுகா நகரம். அதில் ஷிரோகோ, ஜிகே என்று பக்கத்துப் பக்கத்துப் பகுதிகள். கிமோனோத் துணிக்குச் சாயமிடும் தகடுகளைச் சில நூற்றாண்டுகளாக வெட்டிவந்த ஊர் இது. இந்தத் தகடுகளுக்கு இசே கதகாமி என்று பெயர். அடிப்படைப் பொருள் கையால் செய்த காகிதம். இரண்டு மூன்று தாள்களை, நார் ஓடும் திசை குறுக்கும் நெடுக்குமாக வரும்படி அடுக்கி, புளித்த பெர்சிமன் காயின் துவர்ச்சாறு தோய்த்து ஒட்டுவார்கள். பலகையில் காயவைத்து, மரத்தூள் புகை போட்ட அறையில் நாள்கணக்கில் தொங்கவிடுவார்கள். அதன் பிறகு அந்தக் காகிதம் தண்ணீரில் ஊறினாலும் சுருங்காது, நெளியாது. நிறம் பழுப்பு, தொட்டால் பதப்படுத்திய தோல் போல இருக்கும்.

வெட்டுவதில் நான்கு வகை. நுனிக் கத்தியை முன்னோக்கிக் குத்தித் தள்ளிச் செல்வது ஒன்று. பூ, இலை என்று வடிவத்துக்கேற்ற உளியால் ஒரே அழுத்தில் துளைப்பது ஒன்று. இரும்பு அளவுகோலை வைத்துக் கத்தியை இழுத்துக் கோடு கிழிப்பது ஒன்று. நான்காவது, அரைவட்ட முனையுள்ள ஊசிபோன்ற கருவியைக் காகிதத்தில் நிறுத்தி, விரலுக்கிடையில் உருட்டித் துளை போடுவது. மிக நுணுக்கமான தகடுகளில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குள் ஏறக்குறைய 100 துளைகள் வரும். ஒன்று தவறினாலும் அத்தனை உழைப்பும் வீண்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு? எடோ காலத்தில் யார் எவ்வளவு பகட்டாக உடுத்தலாம் என்பதற்குக் கட்டுப்பாடுகள் இருந்தன. பளிச்சென்ற துணி போட முடியாது. தூரத்திலிருந்து பார்த்தால் ஒற்றை நிறத் துணி, கைக்கெட்டும் தூரத்தில் வந்தால் ஆயிரக்கணக்கான வெள்ளைப் புள்ளிகள் என்று அவர்கள் ஒரு வழி கண்டார்கள். எடோ கொமோன் என்பது இதுதான். முதலில் சாமுராய்களின் சடங்கு உடையில் இருந்தது, பிறகு நகரத்து வணிகர்களிடம் பரவியது. பிரபு குடும்பங்கள் தங்களுக்கென்று ஒரு கோலத்தை வைத்திருந்தன. கிஷூ தொகுகாவா குடும்பத்துக்குரியது சுறாத் தோலின் சொரசொரப்பைப் போன்ற புள்ளி அடுக்கு. ஷிரோகோ அந்தக் குடும்பத்தின் ஆட்சிக்கு உட்பட்ட ஊராக இருந்தது தொழிலுக்கு வாய்ப்பாகப் போயிற்று. தகடு வியாபாரிகள் பிரபுவின் ஆதரவோடு நாடெங்கும் போய் விற்றார்கள்.

சாயமிடும் முறையும் நாம் நினைப்பதற்குத் தலைகீழ். தகட்டின் துளை வழியாகப் போவது சாயம் இல்லை, அரிசிப் பசை. பசையரிசி மாவையும் தவிட்டையும் வேகவைத்துப் பிசைந்த பசையை மரக் கரண்டியால் தகட்டின் மேல் இழுப்பார்கள். துணியில் பசை விழுந்த இடத்தில் சாயம் ஏறாது. சாயமிட்டு அலசினால் அங்கே வெள்ளைப் புள்ளி. ஒரு கிமோனோவுக்குச் சுமார் 12 மீட்டர் துணி வேண்டும், தகடோ பெரும்பாலும் ஒரு சாண் உயரத்தைவிடப் பெரிதாக இருப்பதில்லை. அதைத் தூக்கித் தூக்கி வைத்து, ஒட்டுத் தெரியாமல் பல பத்து முறை பசை போட வேண்டும். எங்கே வைப்பது என்று காட்ட தகட்டின் ஓரத்தில் சில குறித்துளைகள் உண்டு. வெட்டியவரின் கைக்கு நிகரான கை இங்கேயும் வேண்டும்.

புள்ளிக்குப் பாலச் சிக்கல் இல்லை. நீளக் கோடுகளுக்கு? பாலமே வேண்டாம், ஆனால் தகடு ஆடவும் கூடாது என்றால் என்ன செய்வது? இங்கேதான் எனக்கு இந்தத் தொழிலின் மேல் தீராத மரியாதை வருகிறது. வெட்டி முடித்த காகிதத்தை இரண்டு தாளாகப் பிரித்து, நடுவே மெல்லிய பட்டு நூல்களை வலைபோல் கோத்து, இரண்டு தாளும் இம்மியும் பிசகாமல் பொருந்தும்படி மறுபடி ஒட்டிவிடுவார்கள். நூல் பாலத்தின் வேலையைச் செய்யும். ஆனால் பசை அதன் அடியில் இழைந்து ஓடிவிடுவதால் துணியில் தடம் விழாது. இந்த வேலையைச் செய்தவர்கள் பெண்கள். 1955இல் ஜப்பான் அரசு இசே கதகாமிக் கலைஞர்கள் ஆறு பேரை வாழும் தேசியச் செல்வம் என்று அறிவித்தபோது, நூல் கோப்பதற்காக அந்த மரியாதையைப் பெற்றவர் ஜோனோகுச்சி மிஎ என்ற பெண்மணி.

நூல் கோப்பது நாள் பிடிக்கும் வேலை. இருபதாம் நூற்றாண்டில் அதற்குப் பதிலாக, வெட்டிய தகட்டின் மேல் ஒரு மெல்லிய பட்டு வலைத்துணியை அப்படியே ஒட்டும் வழக்கம் வந்தது. தகட்டில் எதை வேண்டுமானாலும் வெட்டலாம்; தனித்தீவாக நிற்கும் துண்டையும் வலை தாங்கிக்கொள்ளும். இதே யோசனை மேற்கிலும் வந்தது. சட்டத்தில் இழுத்துக் கட்டிய பட்டு வலை வழியாக மை தள்ளும் முறைக்கு 1907இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் சாமுவேல் சைமன் என்பவர் காப்புரிமை எடுத்தார். ஸ்கிரீன் பிரிண்டிங்கின் தொடக்கமாக அதைத்தான் குறிப்பிடுவார்கள். கல்யாணப் பத்திரிகை, மஞ்சப்பை, திருப்பூர் பனியனின் மார்பில் விழும் படம் என எல்லாம் இந்த வழியில் வந்தவை. கலருக்கு ஒரு பிரேம் என்று திருப்பூர்ப் பட்டறைகளில் கணக்குப் போடுவதும், ஈட்டன் நிறத்துக்கு ஒரு தகடு வெட்டியதும் ஒரே கணக்கு.

இனி வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு. பழைய எக்ஸ்ரே பிலிம் அருமையான தகடு. கிழியாது, வளையும், துடைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். ஓஎச்பி ஷீட்டும் பரவாயில்லை. சின்னத் துளைகளை முதலில் வெட்டுங்கள். பெரிய இடங்களை முதலில் எடுத்துவிட்டால் தகடு தொளதொளத்துப் போய், நுணுக்க வேலைக்கு நிற்காது. வளைவில் கத்தியைத் திருப்பாதீர்கள், தகட்டைத் திருப்புங்கள்.

பெயின்ட் கெட்டியாக, தூரிகை ஏறக்குறைய உலர்ந்து இருக்க வேண்டும். தொட்டதும் ஒரு பழைய செய்தித்தாளில் பாதியைத் துடைத்துவிட்டு, செங்குத்தாகப் பிடித்து ஒற்றுங்கள், இழுக்க வேண்டாம். கூடுதலாகத் தொட்டால் விளிம்புக்கு அடியில் கசிந்துவிடும். சுண்ணாம்பு அடித்த சுவர் விரலில் ஒட்டும், அதன் மேல் போட்டது நிற்காது. எமல்ஷன் சுவர் சரி. ஓதம் ஏறி உப்புப் பூத்த சுவரை முதலில் சரிசெய்யுங்கள், அலங்காரம் அப்புறம். கூரையை நம்பிக் கரை போடாதீர்கள். நம் வீடுகளில் அது மட்டமாக இருப்பது அபூர்வம். கொத்தனாரின் ரசமட்டத்தை ஒரு நாள் கடன் வாங்கிக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கண் முதலில் விழும் சுவரின் நடுவில் தொடங்கி இரு பக்கமும் போனால், பொருந்தாத மிச்சம் கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும்.

துணி என்றால் பருத்தி. புதுத் துணியில் கஞ்சி இருக்கும். அலசி, காயவைத்து, தேய்த்த பிறகுதான் ஆரம்பிக்க வேண்டும். அடியில் அட்டை வைக்காவிட்டால் தலையணை உறையின் மறுபக்கத்திலும் அதே பூ வரும். துணிக்கென்று விற்கும் அக்ரிலிக் வண்ணத்தைப் பயன்படுத்தி, ஒரு நாள் காயவிட்டு, பின்பக்கமாகச் சூடான இஸ்திரி போட்டால் துவைப்புக்குத் தாங்கும்.

படம் தேர்ந்தெடுக்கும்போது இன்டர்நெட்டில் கிடைத்த மயிலை அப்படியே பிரதி எடுக்காமல், தாளில் வரைந்து, உள்ளே தனியாக நிற்கும் துண்டு எது என்று சிவப்புப் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சிவப்புத் துண்டுக்கும் பாலம் எங்கே வரும் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்: கழுத்துக்கும் உடலுக்கும் நடுவிலா, தோகைக் கண்ணைச் சுற்றியா, இறகுக்கும் இறகுக்கும் இடையிலா? அதே அகலத்தில், அதே போக்கில் எல்லாப் பாலமும் வந்தால் மயில் ஒட்டுப்போட்டதாகத் தெரியாது. எங்கேயும் பாலம் பிடிக்கவில்லை என்றால் இரண்டு தகடாக வெட்டுங்கள். முதல் தகடு விட்ட இடைவெளியை இரண்டாவது மூடிவிடும். கதகாமிக்காரர்களும் இப்படி ஜோடித் தகடுகள் வெட்டியிருக்கிறார்கள்.

(தொடரும்)